சப்ஸ்டேஷன் ரிலேல இருந்து கன்ட்ரோல் சென்டர் ஸ்கிரீன் வரைக்கும்: வேற வேற கம்பெனி சிஸ்டத்தை ஒண்ணோட ஒண்ணு ஒழுங்கா பேச வைக்கிற முழு வழிகாட்டி

ராத்திரி பதினொரு மணி. 11 கேவி பேனல் ரூம்ல ஒரு ஃபீடர் (ஊருக்கு கரண்ட் எடுத்துட்டுப் போற லைன்) பிரேக்கர் முன்னாடி நிக்கிறேன், பச்சை லைட் எரியுது, பிரேக்கர் ஓப்பன். கன்ட்ரோல் சென்டர்ல இருக்கிற ஆபரேட்டர் அண்ணன் போன்ல சொல்றாரு, "தம்பி, இங்க குளோஸ்னு காட்டுதுப்பா". லிங்க் அப்ல இருக்கு, ஒரு பாக்கெட் கூட மிஸ் ஆகல, ரெண்டு பக்கமும் ஒரே புரோட்டகால், ரெண்டு கம்பெனிகிட்டயும் டெஸ்ட் சர்டிஃபிகேட் இருக்கு. தேடிப் பாத்தா, ஆர்டியூ (சைட் சிக்னலை கன்ட்ரோல் சென்டருக்கு அனுப்புற பெட்டி) டெர்மினல்ல 52ஏ, 52பி கான்டாக்ட் (பிரேக்கர் குளோஸானா ஒண்ணு, ஓப்பனானா இன்னொண்ணு மூடும்) வயர் ரெண்டும் இடம் மாறி சொருகியிருக்கு. இந்த ரெண்டு கான்டாக்டையும் சேத்து அனுப்புற டபுள் பாயிண்ட்ல 1ன்னா ஓப்பன், 2ன்னா குளோஸ், வயர் மாறினதால 1 போக வேண்டிய இடத்துல 2 போயிருக்கு. இதே தப்பு அடுத்த நாள் குளோஸ்ல இருக்கிற பிரேக்கரை ஓப்பன்னும் காட்டியிருக்கும், அதை நம்பி யாராவது எல்சி (லைன் கிளியர், லைன்ல வேலை செய்ய அனுமதி) குடுத்திருந்தா லைன்ல ஏறுறவரோட உயிர் போயிருக்கும்.

அன்னையில இருந்து நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதான்: கம்யூனிகேஷன் வர்றது வேலையில பாதி கூட இல்ல. அனுப்புறவன் என்ன அர்த்தத்துல அனுப்புறானோ, வாங்குறவன் அதே அர்த்தத்துல புரிஞ்சுக்கணும், ஒவ்வொரு பாயிண்டுக்கும். கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் அதுக்குத்தான்.

பெரிய அளவுல இது என்ன பண்ணும்னு தெரியணும்னா 2003 ஆகஸ்ட் 14 அமெரிக்கா, கனடா பிளாக்அவுட்டைப் பாருங்க. சுமார் 5 கோடி பேருக்கு கரண்ட் போச்சு. அதுல மரம், ரிலே, அலாரம் சாஃப்ட்வேர்னு பல காரணம் இருக்கு, ஆனா நம்ம வேலைக்கு நேரா சம்பந்தப்பட்டது ஒண்ணு உண்டு. மிட்வெஸ்ட் ஐஎஸ்ஓங்கிற கிரிட் ஒருங்கிணைப்பு அமைப்போட ஸ்டேட் எஸ்டிமேட்டர் (வர்ற டேட்டாவை வச்சு கிரிட் நிலைமையைக் கணக்குப் போடுற சாஃப்ட்வேர்) அன்னைக்கு மதியம் 12:15ல இருந்து தடுமாறுச்சு, ஏன்னா டிரிப் ஆன ஒரு 230 கேவி லைனோட ஸ்டேட்டஸ் அந்த சிஸ்டத்துக்கு தானா வர்ற மாதிரி லிங்க் பண்ணப்படல. ஒருத்தர் கையால சரி பண்ணிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா ஓடுற செட்டிங்கை திரும்ப ஆன் பண்ண மறந்துட்டாரு. அதைக் கண்டுபிடிச்சு ஆன் பண்ணினா, இன்னொரு 345 கேவி லைன் ஸ்டேட்டஸும் வராததால மறுபடி சால்வ் ஆகல. சரியாகும்போது மணி 4:04, அடுத்த ரெண்டே நிமிஷத்துக்குள்ள கிரிட் சரிய ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு ஸ்டேட்டஸ் பாயிண்ட், அவ்வளவுதான்.

சரி, வழிகாட்டிக்கு ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 110/11 கேவி சப்ஸ்டேஷன், ரெண்டு 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர், எட்டு 11 கேவி ஃபீடர். ரிலே (ஃபால்ட் வந்தா பிரேக்கரைத் திறக்க வைக்கிற பெட்டி) மூணு கம்பெனி, எல்லாம் சப்ஸ்டேஷனுக்குள்ள பேசுறதுக்கான ஐஇசி 61850 ஸ்டாண்டர்டு. பேனல் மீட்டர் எல்லாம் பழசு, ஆர்எஸ்-485 வயர்ல மோட்பஸ்ங்கிற பழைய புரோட்டகால். நடுவுல ஒரு புரோட்டகாலை இன்னொண்ணா மாத்துற ஒரு கேட்வே. அங்கிருந்து ஓபிஜிடபிள்யூ (டவர் உச்சி எர்த் வயருக்குள்ள போற) ஃபைபர் வழியா ஐஇசி 60870-5-104ல (இனிமே சுருக்கமா 104) கன்ட்ரோல் சென்டருக்கு. நம்ம ஊர்ல நிறைய இடத்துல நீங்க பாக்கப்போறது கிட்டத்தட்ட இந்தக் கலவைதான்.

ஸ்டெப் 1: லேப்டாப்பை மூடிட்டு சிக்னல் லிஸ்ட் போடுங்க

எல்லாரும் அவசரப்பட்டு ஐபி அட்ரஸ் போட்டு பிங் அடிக்கத்தான் போவாங்க. வேண்டாம். முதல்ல ஆபரேஷன் ஆளுங்க, புரொடெக்‌ஷன் ஆளுங்க, மீட்டரிங் ஆளுங்க மூணு பேரையும் ஒரே டேபிள்ல உக்கார வச்சு யாருக்கு என்ன வேணும்னு கேளுங்க. ஒவ்வொருத்தரும் "எல்லாம் வேணும்"னுதான் சொல்வாங்க, அப்ப "இந்த அலாரம் வந்தா நீங்க என்ன செய்வீங்க"ன்னு கேளுங்க, பதில் இல்லைன்னா அது கன்ட்ரோல் சென்டருக்குப் போக வேண்டாம், லோக்கல் ஹெச்எம்ஐ, அதாவது ஸ்டேஷன்லயே இருக்கிற ஸ்கிரீனோட நிக்கட்டும்.

ஒரு பாயிண்டுக்கு ஒரு வரி. அந்த வரியில என்னென்ன இருக்கணும்னா, சைட்ல கூப்பிடுற பேரு, எந்த ரிலே இல்ல எந்த டெர்மினல் பிளாக் நம்பர்ல இருந்து வருது, 61850 உள்ள அதோட முழுப்பாதை, 104ல டைப் நம்பர், ஆப்ஜெக்ட் அட்ரஸ், 0ன்னா என்ன வார்த்தை 1ன்னா என்ன வார்த்தை, யூனிட், ஸ்கேல், டெட்பேண்ட் (எவ்வளவு மாறினா அனுப்பணும்), டைம் ஸ்டாம்ப் யார் போடுறாங்க, லிங்க் போனா என்ன காட்டணும். இந்தக் கடைசி விவரம் பெரும்பாலான லிஸ்ட்ல இருக்கவே இருக்காது, ஏழாவது ஸ்டெப்ல அது ஏன் வேணும்னு வரும்.

மெகாவாட்டுக்கு பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம்னு லிஸ்ட் மேலயே ஒரு வாக்கியமா எழுதிடுங்க: "பஸ்ஸுல இருந்து வெளிய போற பவர் பிளஸ்". ஒரே லைனோட ரெண்டு முனையில ரெண்டு டீம் வேலை செஞ்சு, ஒருத்தர் இம்போர்ட் பிளஸ்ஸுன்னும் இன்னொருத்தர் எக்ஸ்போர்ட் பிளஸ்ஸுன்னும் வச்சுட்டா ஸ்டேட் எஸ்டிமேட்டர் அந்த லைனை கெட்ட டேட்டான்னு தூக்கிப் போட்டுடும்.

0, 1 விஷயத்துலயும் கவனம். "ஸ்பிரிங் சார்ஜ்டு"ன்னு ஒருத்தர் பாயிண்ட் வைப்பாரு, இன்னொருத்தர் "ஸ்பிரிங் நாட் சார்ஜ்டு"ன்னு வைப்பாரு, வயர் ஒண்ணுதான், அர்த்தம் நேர் எதிர்.

ஸ்டெப் 2: ஒவ்வொரு பெட்டியோட டாகுமெண்டையும் வாங்கிப் படிங்க

"எங்க டிவைஸ் 61850 சப்போர்ட் பண்ணும்"ங்கிற ஒரு வரியை வச்சு பர்ச்சேஸ் ஆர்டர் போடாதீங்க. இந்த ஸ்டாண்டர்டு எல்லாமே ஆப்ஷன் நிறைஞ்சது. 104 டிவைஸுக்கு ஒரு இன்டரோப்பரபிலிட்டி செக்லிஸ்ட் வரும், எந்த டைப் சப்போர்ட்டுன்னு கட்டம் கட்டமா டிக் பண்ணியிருப்பாங்க. டிஎன்பி3ன்னா (104 மாதிரி இன்னொரு புரோட்டகால்) டிவைஸ் புரொஃபைல். 61850ன்னா பிக்ஸ், பிக்ஸிட், மிக்ஸ்னு டிவைஸ் எதை சப்போர்ட் பண்ணும்னு சொல்ற பேப்பர்கள். ரெண்டு பக்கத்து பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டிக் மேட்ச் ஆகுதான்னு பாருங்க, ஒரு நாள் வேலை, சைட்ல ரெண்டு வாரம் மிச்சம்.

இவ்வளவு புரோட்டகால் ஏன்னு புதுசா வர்றவங்க கேக்குறாங்க. மோட்பஸ் 1979ல ஃபேக்டரி கன்ட்ரோலருக்காக மோடிகான் கொண்டு வந்தது. டிஎன்பி3 1993ல கனடாவுல வெஸ்ட்ரானிக் கம்பெனி கொண்டு வந்து பிறகு பொதுவா திறந்து விட்டது, இப்ப ஐஇஇஇ 1815. 101 (104க்கு முன்னாடி வந்த சீரியல் வடிவம்), 104 ஐரோப்பாப் பக்கம் வளந்தது. இது எல்லாத்தையும் தாண்டி அர்த்தத்தையே ஸ்டாண்டர்டு பண்ணணும்னு அமெரிக்காவுல எப்ரிங்கிற மின்துறை ஆராய்ச்சி அமைப்பு 1980கள் கடைசியில யுசிஏன்னு ஆரம்பிச்சது, அந்த வேலைதான் ஐரோப்பா ஆளுங்களோட சேந்து 61850 ஆச்சு, முதல் எடிஷன் 2002ல இருந்து 2005 வரை பகுதி பகுதியா வந்தது. பழசுல "ரெஜிஸ்டர் 117"னு இருந்த இடத்துல 61850ல "இந்த பிரேக்கரோட பொசிஷன்"னு பேரே டேட்டாவோட வருது. நோடுன்னு சொல்ற இந்தப் பேர்கள்ல எக்ஸ்சிபிஆர்னா பிரேக்கர், எம்எம்எக்ஸ்யூன்னா த்ரீ ஃபேஸ் மெஷர்மென்ட், பிடிஓசின்னா டைம் ஓவர்கரண்ட், எந்தக் கம்பெனி ரிலேயானாலும் அதேதான்.

ஆனா இங்கயும் ஒரு ஓட்டை. எந்தப் பேர்லயும் அடங்காத சிக்னலுக்கு ஜிஜிஐஓன்னு ஒரு பொது நோட் இருக்கு. சோம்பேறித்தனமா எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளி "இன்ட் 14"னு அனுப்புற ரிலே கான்ஃபிகரேஷன் நான் நிறைய பாத்திருக்கேன். அப்படிப் பண்ணினா 61850க்குக் குடுத்த காசு வீண், மோட்பஸ் ரெஜிஸ்டருக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. டெண்டர்லயே எழுதுங்க, இருக்கிற நோட்ல வைக்க முடிஞ்ச சிக்னலை ஜிஜிஐஓல வைக்கக் கூடாதுன்னு.

எடிஷன் 1 ரிலேயும் எடிஷன் 2 ரிலேயும் கலந்து இருக்கான்னு பாருங்க, ஃபர்ம்வேர் வெர்ஷன் குறிச்சு வைங்க. அப்புறம் ஒரு ரிலேல எத்தனை கிளையன்ட் (டேட்டா வாங்குற சிஸ்டம்) கனெக்ட் ஆகலாம், எத்தனை ரிப்போர்ட் கன்ட்ரோல் பிளாக் (கிளையன்டுக்கு டேட்டா அனுப்புற வழி) இருக்குன்னு கண்டிப்பா பாருங்க. ஒரு பிளாக்கோட ஒரு இன்ஸ்டன்ஸை ஒரு நேரத்துல ஒரு கிளையன்ட்தான் பிடிச்சுக்க முடியும். மெயின் கேட்வே, ஸ்டான்ட்பை கேட்வே, லோக்கல் ஹெச்எம்ஐ, மூணு பேரு ஆச்சு. இன்ஸ்டன்ஸ் ரெண்டுதான் இருக்குன்னா மூணாவதா வர்றவன் கனெக்ட் ஆவான், டேட்டா மட்டும் வராது, நீங்க கேபிளைக் குறை சொல்லிட்டு இருப்பீங்க.

ஸ்டெப் 3: நெட்வொர்க்

இதை வேகமா சொல்லிடுறேன், நெட்வொர்க் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. ஐபி பிளான் ஒரே ஷீட்ல. ஸ்டேஷன் பஸ் (ரிலேயும் கேட்வேயும் பேசுற நெட்வொர்க்), மீட்டரிங், சிசிடிவி மூணும் தனித்தனி விலான் (ஒரே சுவிட்சுக்குள்ள பிரிச்ச நெட்வொர்க்), சிசிடிவியை ரிலே நெட்வொர்க்ல போடவே போடாதீங்க. 61850ஓட எம்எம்எஸ் (ரிலேயும் கேட்வேயும் பேசுறது) 102 போர்ட், 104க்கு 2404, டிஎன்பி3க்கு 20000, மோட்பஸ் டிசிபிக்கு 502, ஃபயர்வால்ல இது மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும். 104ல கனெக்‌ஷன் திறக்குறது கன்ட்ரோல் சென்டர், சப்ஸ்டேஷன் காத்துட்டு இருக்கும், இதை ஃபயர்வால் ஆளுங்களுக்கு திசையோட எழுதிக் குடுங்க.

கூஸ், அதாவது ரிலேல இருந்து ரிலேக்கு வேகமா போற 61850 மெசேஜ், அதுக்கு ஐபியே கிடையாது, நேரா ஈதர்நெட் மல்டிகாஸ்ட், அதனால ரவுட்டரைத் தாண்டாது. சுவிட்ச்ல விலானும் பிரையாரிட்டியும் சரியா வைக்கலைன்னா ஒரு ரிலேயோட கூஸ் எல்லா போர்ட்டுக்கும் வெள்ளம் மாதிரி போகும். டிரிப் சிக்னலே கூஸ்ல போகுதுன்னா பிஆர்பி மாதிரி ரெட்டை நெட்வொர்க் வைங்க, அதுல ஒரு பக்கம் அறுந்தாலும் ஒரு ஃபிரேம் கூட இழக்காது.

ஸ்டெப் 4: கடிகாரம்

ஜிபிஎஸ் கிளாக் ஒண்ணு வச்சு ரிலே, கேட்வே எல்லாத்துக்கும் எஸ்என்டிபியோ ஐரிக்-பியோ பிடிபியோ (மூணும் கடிகாரத்தை ஒத்துப்போக வைக்கிற முறை) குடுத்துட்டா முடிஞ்சுதுன்னு நினைப்போம். முடியல. 61850 டைம் ஸ்டாம்ப் யுடிசியில (உலகப் பொது நேரம்) இருக்கும். 104ல போற டைம் ஏழு பைட், அதுக்குள்ள மில்லி செகண்ட்ல இருந்து வருஷம் வரைக்கும் இருக்கும், எந்த டைம்ஜோன்னு மட்டும் இருக்காது. கேட்வே ஐஎஸ்டியா மாத்தி அனுப்பி, கன்ட்ரோல் சென்டர் அது யுடிசின்னு நினைச்சு இன்னொரு தடவை அஞ்சரை மணி நேரம் கூட்டினா, நடந்த டிரிப்பு அஞ்சரை மணி நேரம் கழிச்சு நடக்கப்போறதா ஈவெண்ட் லிஸ்ட்ல நிக்கும்.

இதாவது கண்ணுக்குத் தெரியும், பிடிச்சிடலாம். கண்ணுக்குத் தெரியாதது, ஒரே ஒரு ரிலே மட்டும் சிங்க் இழந்து 40 மில்லி செகண்ட் தள்ளி ஓடுறது. ஃபால்ட் வந்து எந்த ரிலே முதல்ல பிக்அப் ஆச்சுன்னு பாக்கும்போது வரிசை தலைகீழா வரும், தப்பான ரிலே மேல பழி போகும். அதனால ஒவ்வொரு ரிலேயோட "டைம் சிங்க் ஃபெயில்" அலாரத்தையும் சிக்னல் லிஸ்ட்ல சேருங்க. டெஸ்ட்டுக்கு, ஒரே கான்டாக்டை ரெண்டு ரிலேயோட இன்புட்டுக்கும் பேரலலா குடுத்து ஒரு தடவை அடிங்க, ரெண்டு டைம் ஸ்டாம்ப்புக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க. பத்து நிமிஷ வேலை.

ஸ்டெப் 5: 61850 என்ஜினியரிங்

ஒவ்வொரு ரிலே கம்பெனியும் ஒரு ஐசிடி ஃபைல் குடுக்கும், அது அந்த ரிலேயால என்ன முடியும்னு சொல்றது. எல்லாத்தையும் ஒரு சிஸ்டம் டூல்ல சேத்து ஸ்டேஷன் முழுக்க ஒரே எஸ்சிடி ஃபைல் பண்ணணும், அதுல இருந்து திரும்ப ரிலேக்குப் போறது சிஐடி. நடைமுறையில என்ன நடக்குதுன்னா, சைட்ல ஒருத்தர் ரிலே கம்பெனியோட சொந்த டூல்ல ஒரு டேட்டாசெட்டை (சேத்து அனுப்புற சிக்னல் தொகுப்பை) மாத்திட்டுப் போயிடுவாரு, எஸ்சிடி அப்படியே பழசாவே இருக்கும். கூஸ்ல கான்ஃபிகரேஷன் ரிவிஷன் நம்பர் ஒண்ணு ஒவ்வொரு மெசேஜ்லயும் போகும், அது எதிர்பாத்ததோட ஒத்துப்போகலைன்னா வாங்குற ரிலே மெசேஜை ஏத்துக்காது. பஸ்பார் பிளாக்கிங் சிக்னல் (ஃபால்ட் ஃபீடர்லதான், நீ டிரிப் பண்ணாதேன்னு மேல் ரிலேக்கு சொல்றது) அப்படி செத்துக் கிடந்தா, ஃபால்ட் வர்ற அன்னைக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கூஸுக்கும் "வரல"ங்கிற அலாரம் வாங்குற பக்கத்துல கட்டாயம் வைங்க.

ரிப்போர்ட்டுக்கு என் வழக்கம், ஸ்டேட்டஸ் எல்லாம் பஃபர்டு, மெஷர்மென்ட் எல்லாம் அன்பஃபர்டு. லிங்க் அறுந்து திரும்ப வந்தா நடுவுல நடந்த டிரிப் எல்லாம் பஃபர்ல இருந்து வந்துடும். நடுவுல இருந்த ஆம்பியர் பழைய கதை, யாருக்கும் வேண்டாம்.

டெட்பேண்ட்ல ஒரு குழி இருக்கு, நிறைய பேர் விழுறாங்க. 61850ல டெட்பேண்ட் யூனிட் 0.001 சதவீதம், முழு ரேஞ்சுல. 1 சதவீதம் வேணும்னா 1000 போடணும். ரேஞ்ச் 0ல இருந்து 1000 ஆம்பியர்னா அது 10 ஆம்பியர் மாறினாத்தான் ரிப்போர்ட் வரும். "1 சதவீதம்தானே"ன்னு 1ன்னு போட்டுட்டீங்கன்னா 0.01 ஆம்பியர் மாறினாலும் ரிப்போர்ட், எட்டு ஃபீடரும் சேந்து கேட்வே திணறும், அப்ப அலாரம் லேட்டா வரும், எல்லாரும் ஃபைபரைத் திட்டுவாங்க.

ஸ்டெப் 6: பழைய மோட்பஸ் மீட்டர்

ஆர்எஸ்-485 வயர்ல ஏ, பி மாறாம இருக்கா, ரெண்டு முனையில 120 ஓம் டெர்மினேஷன் இருக்கா, ஷீல்டு ஒரு பக்கம் மட்டும் எர்த்தா, எல்லா மீட்டருக்கும் பாட் ரேட், பேரிட்டி ஒண்ணா, ஸ்லேவ் ஐடி வேற வேறயா. இது அடிப்படை.

அப்புறம்தான் அர்த்தப் பிரச்சனை. மீட்டர் புக்ல 40001னு போட்டிருந்தா வயர்ல போற அட்ரஸ் 0, சில புக் நேரா 0னே போடும், ஒரு ரெஜிஸ்டர் தள்ளிப் படிச்சா ஆர் ஃபேஸ் இடத்துல ஒய் ஃபேஸ் வரும், மூணும் கிட்டத்தட்ட சமமா இருக்கிற ஃபீடர்ல வருஷக்கணக்கா யாருக்கும் தெரியாது.

ஃப்ளோட் வேல்யூ ரெண்டு ரெஜிஸ்டர்ல வரும். 11.0 கேவின்னா ஹெக்ஸ்ல முதல் ரெஜிஸ்டர் 4130, ரெண்டாவது 0000. சில மீட்டர் இதை மாத்தி 0000, 4130னு அனுப்பும். மாத்தினதை நேரா படிச்சா வர்றது பூஜ்யத்துக்குப் பக்கத்துல ஒரு கண்ணுக்குத் தெரியாத எண், ஸ்கிரீன்ல 0.00 கேவி. பஸ் டெட்டுன்னு நினைச்சு ஆபரேட்டர் பதறுவாரு. ஸ்கிரீன்ல 0 வந்தா மீட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரா ரெஜிஸ்டரைப் பாருங்க, அங்க 4130 தெரிஞ்சா கேட்வேல வேர்ட் ஸ்வாப் டிக் பண்ணினா போதும்.

ஸ்டெப் 7: கேட்வே மேப்பிங், குவாலிட்டிதான் முக்கியம்

கேட்வே ஒரு மொழிபெயர்ப்பாளர். வேல்யூவை மட்டும் மொழிபெயர்த்துட்டு குவாலிட்டியை விட்டுட்டா அது பொய் சொல்லுது. 61850ல ஒவ்வொரு டேட்டாவுக்கும் குட், இன்வேலிட், கொஸ்டினபிள்னு இருக்கும், 104ல இன்வேலிட், நாட் டாபிக்கல் (புது டேட்டா இல்ல), சப்ஸ்டிட்யூட்டட், பிளாக்டு, ஓவர்ஃப்ளோன்னு பிட்டுகள் இருக்கும். எது எதுவா மாறணும்னு ஒரு டேபிள் எழுதி கன்ட்ரோல் சென்டர்கிட்ட கையெழுத்து வாங்குங்க.

அதை விட முக்கியமா, ரிலேக்கும் கேட்வேக்கும் நடுவுல லிங்க் போனா என்ன ஆகும்? டிஃபால்ட் செட்டிங்ல சில கேட்வே கடைசியா வந்த வேல்யூவை அப்படியே குட்டுன்னு பிடிச்சு வச்சிருக்கும். ஆபரேட்டர் ஸ்கிரீன்ல 210 ஆம்பியர், ஆடாம அசையாம. நான் ஒரு சைட்ல இதைப் பாத்திருக்கேன், மூணு நாளா ஒரு ஃபீடர் கரண்ட் ஒரே நம்பர், ஒருத்தருக்கும் சந்தேகம் வரல, ஏன்னா 210 ஒரு நியாயமான நம்பர். ரிலேயோட ஈதர்நெட் கேபிள் லூசா இருந்துச்சு.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ரிலே கேபிளையும் ஒண்ணொண்ணா பிடுங்குங்க, ஸ்டாப்வாட்ச் ஆன் பண்ணுங்க, கன்ட்ரோல் சென்டர் ஸ்கிரீன்ல அந்த பே (ஒரு ஃபீடரோட பிரேக்கர், ஐசோலேட்டர் எல்லாம் சேந்த பகுதி) நிறம் மாற எத்தனை செகண்ட்னு எழுதுங்க. திரும்ப சொருகுங்க, புது வேல்யூ வர எத்தனை செகண்ட்னு எழுதுங்க. ஒரு ரிலே கூட விடாதீங்க.

ஸ்டெப் 8: 104 லிங்க்

டிசிபி கனெக்ட் ஆகுறது, அப்புறம் ஸ்டார்ட் மெசேஜ், அதுக்குப் பதில் வந்தப்புறம்தான் டேட்டா. டைமர் வழக்கமான வேல்யூ டி1 (பதிலுக்குக் காத்திருக்கிற நேரம்) 15 செகண்ட், டி2 (ஒப்புதல் அனுப்ப வேண்டிய கெடு) 10, டி3 (சும்மா இருந்தா டெஸ்ட் மெசேஜ் அனுப்புற நேரம்) 20, கே (ஒப்புதல் வராம அனுப்பக்கூடிய எண்ணிக்கை) 12, டபிள்யூ (எத்தனை வாங்கினதும் ஒப்புதல்) 8. டி2 எப்பவும் டி1 விடக் குறைவு. ஒரு பக்கம் கே 12ன்னு இருந்து இன்னொரு பக்கம் டபிள்யூ 20ன்னு வச்சுட்டா, அனுப்புறவன் 12 அனுப்பிட்டு ஒப்புதலுக்கு நிப்பான், வாங்குறவன் 20 வரட்டும்னு காத்திருப்பான், டி2 முடியுற வரைக்கும் பேச்சு நின்னு நின்னு போகும்.

ஜெனரல் இன்டராகேஷன் (ஜிஐ, எல்லா பாயிண்டோட நிலைமையையும் கேக்குறது), அதாவது டைப் 100, அனுப்பி வயர்ஷார்க்ல (பாக்கெட்டைப் பிரிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) பாருங்க. காரணம் 6ன்னு போகும், 7ன்னு உறுதி வரும், அப்புறம் எல்லா பாயிண்டும் காரணம் 20ன்னு வரும், கடைசியா 10ன்னு முடியும். 20ன்னு வந்த பாயிண்ட்டை எண்ணுங்க, சிக்னல் லிஸ்ட்ல இருக்கிற எண்ணிக்கையோட ஒத்துப்போகணும். ஸ்டேட்டஸ் மாறும்போது டைம் ஸ்டாம்ப்போட டைப் 30, 31, காரணம் 3ன்னு வரணும், ஜிஐக்கு டைம் இல்லாத டைப் 1, 3 வரணும். ஜிஐலயும் பழைய டைம் ஸ்டாம்ப்போட அனுப்புற கேட்வே இருந்தா ஈவெண்ட் லிஸ்ட்ல நேத்து டிரிப் இன்னைக்கும் திரும்ப ஏறும்.

ஸ்டெப் 9: கன்ட்ரோல்

இதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் தப்பு நடந்தா ஸ்கிரீன்ல தப்பு. இதுல தப்பு நடந்தா பிரேக்கர் ஓடும். பெர்மிட் இல்லாம தொடாதீங்க, ஐசோலேட்டர் ரெண்டும் ஓப்பனா இருக்கிற பேல மட்டும் டெஸ்ட் பண்ணுங்க, மத்த எல்லா பேயும் லோக்கல்ல வைங்க, சைட்ல ஒருத்தர் பிரேக்கர் முன்னாடி போனோட நிக்கணும். சைட்ல நிக்கிறவர் எந்த பிரேக்கர் ஓடுச்சுன்னு தானா சொல்லணும், "மூணாம் நம்பர் ஓடுச்சா"ன்னு கேட்டு ஆமான்னு சொல்ல வைக்கக் கூடாது.

பிரேக்கருக்கு எப்பவும் செலக்ட் பண்ணிட்டு ஆபரேட்ங்கிற முறை, 61850ல கன்ட்ரோல் மாடல் 4. கன்ட்ரோல் சென்டர் 104ல செலக்ட் அனுப்பினா கேட்வே அதை ரிலே வரைக்கும் கொண்டு போகணும். சில கேட்வே தானே "செலக்ட் ஓகே"ன்னு பதில் சொல்லிடும், ரிலே இன்டர்லாக்ல (தப்பான ஆபரேஷனைத் தடுக்குற நிபந்தனை) இருக்கா, லோக்கல்ல இருக்கான்னு ஆபரேட்டருக்கு ஆபரேட் அடிச்சப்புறம்தான் தெரியும். நான் அதை ஒத்துக்கவே மாட்டேன். ஃபெயில் கேஸையும் டெஸ்ட் பண்ணுங்க: லோக்கல்ல வச்சு கமாண்ட், இன்டர்லாக் இருக்கும்போது கமாண்ட், செலக்ட் பண்ணிட்டு டைம் அவுட் ஆக விட்டு ஆபரேட், ரெண்டு ஆபரேட்டர் ஒரே பிரேக்கரை ஒரே நேரத்துல செலக்ட். நாலுலயும் பிரேக்கர் அசையக் கூடாது, காரணமும் ஸ்கிரீன்ல வரணும்.

ஸ்டெப் 10: முனைக்கு முனை டெஸ்ட்

கேட்வேல சிமுலேட் பண்ணி "நூறு பாயிண்ட் ஓகே"ன்னு கையெழுத்து கேப்பாங்க. போடாதீங்க. சிக்னல் பிறக்கிற இடத்துல இருந்து வரணும், கான்டாக்டுன்னா கான்டாக்ட்ல, அனலாக்னா எம்ஆர்டி (மீட்டர், ரிலே டெஸ்ட்) ஆளுங்களோட டெஸ்ட் கிட் வச்சு இன்ஜெக்‌ஷன்.

பிடி (வோல்டேஜைக் குறைச்சுக் குடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) 11000/110, சிடி (கரண்டைக் குறைச்சுக் குடுக்கிறது) 800/1. ஃபேஸுக்கு 63.5 வோல்ட், 1 ஆம்பியர், யூனிட்டி பவர் ஃபேக்டர் குடுங்க. ஸ்கிரீன்ல 15.24 மெகாவாட் வரணும். 8.8 வந்தா எங்கயோ ரூட் 3 விட்டுப்போச்சு. 5.08 வந்தா ஒரு ஃபேஸ் மட்டும்தான் கணக்குல இருக்கு. மைனஸ் 15.24 வந்தா சிடி போலாரிட்டியோ, ஸ்டெப் 1ல எழுதின திசையோ தப்பு. 0.015 வந்தா யாரோ வாட்டுக்குப் பதிலா கிலோவாட் அனுப்புறாங்க, வாங்குறவங்க அதை வாட்டுன்னு நினைச்சு பத்து லட்சத்தால வகுக்குறாங்க. இந்த மாதிரி ஒரு சின்ன டேபிள் முன்கூட்டியே போட்டு பாக்கெட்ல வச்சுக்கங்க, சைட்ல மண்டையைப் பிச்சுக்க வேண்டாம்.

ஸ்டெப் 11: கன்ட்ரோல் சென்டருக்கு மேல

ஒரு கன்ட்ரோல் சென்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு டேட்டா பெரும்பாலும் ஐசிசிபில போகும், அதாவது ஐஇசி 60870-6. அதுக்குப் பக்கத்துல ஜிஐஎஸ் (லைன் மேப் சிஸ்டம்), அவுட்டேஜ் மேனேஜ்மென்ட், பில்லிங், ஸ்மார்ட் மீட்டர் ஹெட்எண்ட்னு வரிசையா வரும், மீட்டர் பக்கம் டிஎல்எம்எஸ் புரோட்டகால், நம்ம நாட்டுக்கு ஐஎஸ் 15959.

இங்க பிரச்சனை பிட், பைட் இல்ல, பேருதான். ஸ்காடால (கன்ட்ரோல் சென்டர் சிஸ்டம்) "சந்தைப்பேட்டை ஃபீடர்", பில்லிங்ல ஒரு பதினோரு இலக்க கோடு, ஜிஐஎஸ்ல பழைய பேரு. ஃபீடர் டிரிப் ஆனா யார் யாருக்கு கரண்ட் இல்லைன்னு தானா சொல்லணும்னா மூணும் ஒரே ஆளுன்னு சிஸ்டத்துக்குத் தெரியணும். இதுக்குத்தான் சிஐஎம்னு பொது மாடல், ஐஇசி 61970, 61968. ஒவ்வொரு உபகரணத்துக்கும் மாறாத ஒரு ஐடி, பேரு என்ன வேணா மாறட்டும். முழு சிஐஎம் போட பட்ஜெட் இல்லைன்னாலும் பரவாயில்ல, ஒரு ஐடி ரிஜிஸ்டர் மட்டுமாவது இன்னைக்கே ஆரம்பிங்க, யாரு அதுக்குப் பொறுப்புன்னு ஒருத்தரோட பதவிப் பேரை எழுதுங்க. ஃபீடரைப் பிரிச்சு புது ஃபீடர் போடுற அன்னைக்கு இந்த ரிஜிஸ்டர் திருத்தாம எனர்ஜைஸ் பண்ணக் கூடாது.

ஸ்டெப் 12: பூட்டு

எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசுதுன்னா கெட்டவனும் அதே மொழில பேசலாம். 2015 டிசம்பர் 23ல உக்ரைன்ல ஆபரேட்டர் ஸ்கிரீனையே வெளிய இருந்து பிடிச்சு பிரேக்கரைத் திறந்தாங்க, சுமார் 2,25,000 வாடிக்கையாளருக்கு கரண்ட் போச்சு. அடுத்த வருஷம் டிசம்பர்ல கீவ் பக்கத்துல அடிச்ச மால்வேருக்கு 101, 104, 61850 மூணுமே நேரா பேசத் தெரியும். 104க்கு தன்னளவுல பாஸ்வேர்டு எதுவும் கிடையாது, யாரு கனெக்ட் ஆனாலும் கமாண்ட் எடுத்துக்கும். ஐஇசி 62351 (இந்த புரோட்டகாலுக்கான செக்யூரிட்டி ஸ்டாண்டர்டு) சப்போர்ட் இருந்தா ஆன் பண்ணுங்க, இல்லைன்னா விபிஎன் டனலுக்குள்ள போடுங்க, கேட்வேல மாஸ்டர் ஐபி லிஸ்ட் போடுங்க. நம்ம நாட்டுல சிஇஏ (மத்திய மின்சார ஆணையம்) 2021ல மின்துறைக்குன்னு சைபர் செக்யூரிட்டி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு, அதை டெண்டரோட இணைங்க. டிஃபால்ட் பாஸ்வேர்டு மாத்துங்க, சர்வீஸ் இன்ஜினியர் கொண்டு வர்ற லேப்டாப் நேரா ஸ்டேஷன் பஸ்ல சொருகக் கூடாது, ஸ்டேஷனுக்குன்னு தனி லேப்டாப் பூட்டுல இருக்கட்டும்.

ஸ்டெப் 13: ரிலே மாத்தும்போது

கமிஷனிங் முடிஞ்ச ரெண்டு, மூணு வருஷத்துல ஒரு ரிலே பழுதாகும், மாத்த வருவாங்க, புதுசுல ஃபர்ம்வேர் வேற வெர்ஷன் இருக்கும். அப்ப செய்ய வேண்டிய வரிசை இது. எஸ்சிடியோட கடைசி வெர்ஷன் எதுன்னு உறுதி பண்ணுங்க, புது ஐசிடியை அதுல மாத்தி வெர்ஷன் நம்பரை ஏத்துங்க, அந்த ரிலேயோட கூஸ் வாங்குற மத்த ரிலே எதெதுன்னு லிஸ்ட் எடுங்க, அதுல ஒவ்வொண்ணுலயும் "கூஸ் வரல" அலாரம் கிளியர் ஆச்சான்னு பாருங்க. அந்த பேயோட சிக்னல் லிஸ்ட் வரி எல்லாத்தையும் முனைக்கு முனை திரும்ப டெஸ்ட் பண்ணுங்க, மத்த பேல கூஸ் சம்பந்தப்பட்ட வரி மட்டும் போதும். கேபிளை ஒரு தடவை பிடுங்கி ஸ்கிரீன் நிறம் மாறுதான்னு பாருங்க. அப்புறம் எஸ்சிடி, கேட்வே கான்ஃபிகரேஷன், சிக்னல் லிஸ்ட் மூணையும் ஒரே தேதி போட்டு ஒரே ஃபோல்டர்ல, ஒரு காப்பி ஸ்டேஷன்ல ஒரு காப்பி ஆபீஸ்ல. பேனல் கதவுக்கு உள்பக்கம் அந்தத் தேதியையும் வெர்ஷனையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டுங்க, அடுத்த தடவை ராத்திரில வர்ற பையன் லேப்டாப்பைத் திறக்குறதுக்கு முன்னாடி பாக்குறது அந்தக் கதவைத்தான்.